படபடப்பு அடங்குமுன்

எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வருஷாவருஷம் நர்சிங்கோ ஈசிஜி டெக்னீஷியன் படிப்போ முடிக்கிறீர்கள். பாதிப் பேர் பாலக்காட்டுக்கும் பாதிப் பேர் வாளையாறு தாண்டிக் கோயமுத்தூருக்கும் வேலைக்குப் போகிறீர்கள். ஆஷா சுகாதாரப் பணியாளராக இங்கேயே வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களும் உண்டு. இதயத் துடிப்புக் கோளாறைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வார்டில் நின்று ஒரு நர்ஸ் தெரிந்துகொண்டவை இவை. நினைவுக்கு வந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. மெஷினைத் தேடும் முன் மணிக்கட்டைப் பிடியுங்கள். ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றும் போதும். கட்டைவிரல் வைத்தால் உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது சீராக ஓடும் நாடிக்குச் சரி. ஒழுங்கு தப்பிய நாடியை முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணியதைச் சீட்டில் எழுதும்போது கூடவே இன்னொன்றும் எழுதுங்கள்: சீராக இருந்ததா, நடுவில் ஒன்று விட்டு விட்டு வந்ததா, கணக்கே இல்லாமல் ஓடியதா. 'பல்ஸ் 88' என்று மட்டும் எழுதிய சீட்டால் டாக்டருக்குப் பாதிப் பயன்தான்.

கணக்கில்லாமல் ஓடுகிறவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து எண்ணுங்கள். ஒருவர் மார்பில் ஸ்டெத் வைத்து, மற்றவர் மணிக்கட்டில், ஒரே நிமிடம். மார்பில் 130 இருக்கும், கையில் 96 இருக்கும். ரத்தம் நிறையும் முன்பே அடித்துவிட்ட துடிப்புகள் கைவரை வந்து சேராது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் கையில் சுற்றும் பிபி மெஷினும் வந்து சேர்ந்ததைத்தான் எண்ணும். அவை காட்டும் எண்ணை நம்பி 'ரேட் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள்.

2. துடிக்கும்போது எடுத்த ஈசிஜிதான் ஈசிஜி. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பும் வால்வு நோயும் தடயம் விட்டுப் போகும். மறுநாள் ரத்தத்திலோ எக்கோவிலோ தெரியும். பல துடிப்புக் கோளாறுகள் வந்து, ஆட்டிவைத்து, ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும். அடங்கிய பிறகு எடுத்த காகிதம் 'நார்மல்' என்று வந்தால், அந்த நேரத்தில் நார்மல் என்று மட்டுமே பொருள்.

தொழிலுறப்பு வேலைக்குப் போகிற அம்மிணி ஒருவர், நாற்பதை ஒட்டிய வயது. 'திக்குனு ஆரம்பிச்சு அரை மணி நேரம் நெஞ்சு ஓடுதுங்க, அப்புறம் டக்குனு நின்னுருது' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டு நார்மல். 'டென்ஷன்' என்று எழுதித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் அவர் பேச்சை எடுப்பாரில்லை. ஒருநாள் வாய்க்கால் கரையில் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. உடன் இருந்த ஆஷா பெண் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ஓர் ஆட்டோவை மறித்து, பக்கத்துத் தெரு லேபில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். காலில் ஒட்டிய சேற்றைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளிப் மாட்ட முடிந்தது. காகிதத்தில் நிமிடத்துக்கு 190, ஊசி குத்தினாற்போலக் குறுகிய துடிப்புகள், எல்லாம் ஒரே இடைவெளியில். எஸ்.வி.டி. என்று நாங்கள் சொல்லும் கோளாறு. அந்த ஒரு காகிதத்தைக் காட்டித்தான் அவருக்கு அப்லேஷன் நடந்தது. தொடைப் பக்கத்து ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பி செலுத்தி, இதயத்தில் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்த மின்பாதையைச் சுட்டுவிடுவார்கள். இந்த வகையில் 100 பேருக்குச் செய்தால் சுமார் 95 பேருக்கு நோய் தீர்ந்துவிடும்.

ஆகவே படபடப்பு என்று யார் சொன்னாலும் 'அடுத்த முறை வரும்போது மிக அருகில் எங்கே ஈசிஜி இருக்கிறது' என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரிய டாக்டர் கோயமுத்தூரில் இருக்கலாம். காகிதத்தை எலப்புள்ளியிலேயே எடுக்கலாம். மூணாறு, மறையூர்த் தோட்டங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். உடுமலைக்கோ தேனிக்கோ மலையிறங்கும் வரை துடிப்பு காத்திருக்காது.

3. மேசையில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'உங்க நெஞ்சு எப்படி அடிச்சுதோ அப்படியே விரலால தட்டுங்க' என்றால் படிக்காத பாட்டியும் சரியாகத் தட்டிக் காட்டுவார். வேகமாக, ஒரே சீராகத் தட்டினால் எஸ்.வி.டி.யை நினையுங்கள். வேகமாகவும் தாறுமாறாகவும் தட்டினால் ஏ.எஃப்., அதாவது இதயத்தின் மேலறைகள் நடுங்கும் கோளாறு, இருக்கலாம். நிதானமாகத் தட்டி, ஒன்றை விட்டு, அடுத்ததை ஓங்கித் தட்டினால் பெரும்பாலும் இடையில் புகும் தனித் துடிப்புதான்; இதயம் நல்ல நிலையில் இருந்தால் அதற்குப் பயமில்லை.

பிறகு கேட்க வேண்டியவை: சுவிட்ச் போட்டாற்போல ஆரம்பித்ததா, மெல்ல மெல்ல ஏறியதா? கழுத்தில் துடித்ததா? அடங்கியபின் சிறுநீர் நிறையப் போனதா? எஸ்.வி.டி.க்குப் பின் அப்படிப் போவது வழக்கம்; மேலறைகள் விரியும்போது உப்பையும் நீரையும் வெளியே தள்ளும் ஒரு சுரப்பு கிளம்பும். கண் இருட்டியதா, விழுந்தாரா, ஓடும்போதோ மாடி ஏறும்போதோ விழுந்தாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். வீட்டில் சின்ன வயதில் திடீரென்று செத்தவர் உண்டா என்பதையும் விடாதீர்கள். 'தூக்கத்துலயே போயிட்டாருங்க, நல்ல சாவு' என்று சொல்வார்கள். வயது முப்பது என்றால் அதை அப்படியே குறித்துவையுங்கள்.

4. பெண்களுக்கு ஈசிஜி எடுக்கும்போது முதலில் கதவு, பிறகு போர்வை, அதன் பிறகு மெஷின். கூச்சத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு படுத்தால் தசை நடுங்கி, கோடு முழுக்கப் பூச்சி ஊர்ந்த தடமாக இருக்கும். தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தேவையே இல்லை, எலக்ட்ரோடில் படாமல் தோள் பக்கம் ஒதுக்கினால் போதும். தாலிக்காக ஈசிஜியே வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் உண்டு. ரப்பர் பல்பைப் பிதுக்கி ஒட்டும்போது ஜெல்லி ஒன்றோடொன்று கலந்து ஓடக் கூடாது. வி1, வி2 இரண்டும் நாலாவது விலா இடுக்கில், மார்பெலும்பின் வலமும் இடமும். அவசரத்தில் ஒரு விலா மேலே ஒட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. எண்ணித் தடவிப் பாருங்கள். வலக்கை இடக்கைக் கம்பி மாறினால் முதல் லீடில் எல்லாம் தலைகீழாக வரும். அப்படி வந்தால் டாக்டரைக் கூப்பிடும் முன் கம்பியைப் பாருங்கள்.

கை நடுக்கம் உள்ள முதியவர்களுக்குக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நடுக்கம் குறையும். நடுக்கத்தை ஏ.எஃப். என்று மெஷினே தப்பாக அச்சடித்துத் தரும். மேலே அச்சாகி வரும் அந்த ஆங்கில வரியைப் படிக்கலாம். நம்ப வேண்டியது கீழே இருக்கும் கோட்டை.

5. கணக்கு தெரிந்திருக்க வேண்டும். காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. சீரான துடிப்பானால் இரண்டு உச்சிகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று பார்த்து 300ஐ அதால் வகுங்கள். சீரில்லாவிட்டால் பத்து நொடிக் கோட்டில் உள்ள உச்சிகளை எண்ணி ஆறால் பெருக்குங்கள். மேற்கொண்டு பார்க்க மூன்றே கேள்வி. உச்சி குறுகலா, அகலமா? ஒழுங்கா, ஒழுங்கற்றதா? ஒவ்வோர் உச்சிக்கு முன்னும் பி அலை இருக்கிறதா? அகலமாகவும் வேகமாகவும் ஓடினால் பெயர் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

6. காகிதத்தைக் காப்பாற்றுங்கள். ஈசிஜி வருவது வெப்பத்தில் கறுக்கும் தாளில். பாலக்காட்டு வெயிலில் பைக் டிக்கியில் கிடந்தால் மொத்தமும் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் வருஷக்கணக்கில் கிடந்தால் கோடு வெளுத்து மறையும். எடுத்த உடனே ஜெராக்ஸ் போடுங்கள். போனிலும் நேராக, நிழல் விழாமல் ஒரு படம் எடுங்கள். தேதி, நேரம், அப்போது நோயாளிக்கு என்ன செய்தது என்பதைப் பேனாவால் அதிலேயே எழுதுங்கள். 'படபடப்பு இருக்கும்போது எடுத்தது' என்ற மூன்று வார்த்தை எழுதாத காகிதத்தைப் பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்து என்ன பயன்?

1900களின் தொடக்கத்தில் ஹாலந்தில் ஐந்தோவன் செய்த முதல் ஈசிஜி கருவியை இயக்கவே ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் அமிழ்த்தி உட்கார வேண்டும். அதற்காக 1924ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே கோடுதான் இன்று ஓர் ஆட்டோ தூரத்தில் கிடைக்கிறது. கிடைத்ததைத் தொலைத்துவிடாதீர்கள்.

7. ஹோல்டர் என்ற, தொடர்ந்து ஈசிஜி பதியும் கருவியை மாட்டி அனுப்பினால் எல்லாம் பிடிபடும் என்று நினைக்காதீர்கள். தினமும் படபடப்பு வருகிறவருக்கு 24 மணி நேரம் போதும். மாதம் ஒருமுறை வருகிறவருக்கு அன்றைக்கே வருமா? ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஒட்டும் பட்டை, மயங்கி விழுகிறவர்களுக்குத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன. சித்திரை வைகாசி வியர்வையில் ஸ்டிக்கர் பிடிக்காது. மார்பை உலரத் துடைத்து, முடியிருந்தால் மழித்து ஒட்டுங்கள். எத்தனை மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும்.

8. ஏ.எஃப். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய சங்கதி. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்பு அலைமோதுகிறது. அத்தனையும் கீழே இறங்கினால் ஆள் பிழைக்கமாட்டார். நடுவில் இருக்கும் கணு, வெள்ளக் காலத்து வாய்க்கால் மதகுபோல, தன்னால் முடிந்த அளவுதான் கீழே விடும், அதுவும் ஒழுங்கில்லாமல். அதனால்தான் மணிக்கட்டில் தாறுமாறு. நாம் கொடுக்கும் பீட்டா பிளாக்கரும் டிகாக்சினும் அந்த மதகை இன்னும் கொஞ்சம் இறக்கி வைக்கின்றன.

ஆனால் நோயாளியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வேகமல்ல, ரத்தக்கட்டி. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதால் இடப்பக்க மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அங்கிருந்து தெறித்தால் நேரே மூளைக்குப் போய்ப் பக்கவாதம். ஏ.எஃப். இருப்பவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. படபடப்பே தெரியாமல் ஏ.எஃப்.போடு நடமாடுகிறவர்கள் நிறைய. வாய் கோணியபிறகுதான் நாடி பிடிக்கிறார்கள். ஆஷா பிள்ளைகளே, சர்க்கரையும் பிரஷரும் பார்க்கப் போகிற வீட்டில் அறுபத்தைந்து தாண்டியவர் கையை ஒரு நிமிடம் பிடியுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்குச் செலவே இல்லை.

9. நம் பக்கத்தில் வால்வு நோயால் வரும் ஏ.எஃப். இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் தொண்டைப் புண், மூட்டு வீக்கம், முப்பதில் மூச்சிரைப்பு, பிரசவத்தில் கண்டுபிடிப்பு. தோட்டத் தொழிலாளர் வீடுகளில் இந்தக் கதை அதிகம் கேட்டிருக்கிறேன். இவர்களுக்குப் புதுவகை ரத்தம் உறையா மாத்திரை வேண்டாம், பழைய வார்ஃபரின் வகைதான் நல்லது என்று 24 நாடுகளில் நடந்து 2022ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் அப்போது தில்லி எய்ம்ஸில் இருந்த டாக்டர் கணேசன் கார்த்திகேயன். 'அந்தப் புது மாத்திரைக்கு டெஸ்ட்டே வேண்டாமாமே, அதை எழுதித் தரச் சொல்லுங்க சிஸ்டர்' என்று கேட்பார்கள். மிட்ரல் வால்வு சுருங்கியவருக்கும் உலோக வால்வு வைத்தவருக்கும் அது ஒத்துவராது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். உலோக வால்வுக்காரர் பலரின் மார்பில் 'டிக் டிக்' கேட்பது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட வால்வு.

10. வார்ஃபரினும் அசிட்ரோமும் எலி மருந்தின் உறவு என்று நோயாளிக்கு யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். உண்மைதான், அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்ததிலிருந்து தொடங்கிய கண்டுபிடிப்பு. 1948ல் எலி மருந்தாகி, 1954ல் மனிதருக்கு வந்தது. மறைக்காமல் சொல்லிவிட்டு, அளவுதான் எல்லாம் என்பதற்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சீட்டைக் காட்டுங்கள். ஏ.எஃப்.புக்கு 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டும். உலோக வால்வுக்கு டாக்டர் எழுதும் அளவு.

'கீரையே தொடாதே' என்று சொல்லாதீர்கள். இருக்கிற ரத்தசோகை போதாதா? ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லுங்கள். ஏழை வீட்டில் கீரைதான் கறி. எனக்கு எச்சரிக்கை மணி அடிப்பது கர்க்கடக மாதத்தில். நம் ஆடி மாதம். மலையாள வீடுகளைப் பார்த்து நம் வீடுகளிலும் பத்திலைத் தோரன், மருந்துக் கஞ்சி ஆரம்பித்துவிடும். மாதம் முழுக்க அதுவரை தின்னாத கீரையைத் தின்றால் ஐ.என்.ஆர். இறங்கும். மருந்துக் கஞ்சியில் கலந்த மூலிகை ஏதாவது ஏற்றவும் செய்யலாம். அந்த மாதத்தில் ஒருமுறை கூடுதலாக டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, இடுப்பில் போடும் ஊசி, பல் பிடுங்குவது மூன்றுக்கும் முன்னால் 'நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறேன்' என்று சொல்லப் பழக்குங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் போடும் வால்வு நோயாளிக்கும் ஊசிக்கு முன் ஐ.என்.ஆர். பாருங்கள்.

11. எஸ்.வி.டி. ஓடும்போது, நோயாளி நல்ல நினைவோடும் பிரஷரோடும் இருந்தால், மருந்துக்கு முன் மூச்சை அடக்கி முக்கவையுங்கள். 10 மில்லி சிரிஞ்சின் வாயில் ஊதி உள்ளே இருக்கும் தண்டை நகர்த்தச் சொல்லுங்கள், 15 நொடி. உடனே மட்டமாகப் படுக்கவைத்துக் காலை 45 டிகிரி தூக்கிப் பிடியுங்கள். இன்னொரு 15 நொடி. இங்கிலாந்தில் நடந்து 2015ல் வெளியான ஆய்வில், இப்படிக் காலைத் தூக்கியபோது 43 சதவீதம் பேருக்கு அடங்கியது. சாய்ந்து உட்கார்ந்தபடியே முக்கியவர்களில் 17 சதவீதம்தான். செலவு ஒரு சிரிஞ்ச்.

அடங்காவிட்டால் டாக்டர் அடினோசின் எழுதுவார். முழங்கை மடிப்பில் பெரிய ஊசி, 6 மில்லிகிராம், தொடர்ந்து சலைன், கையைத் தூக்கிப் பிடிப்பது. உடம்பில் பத்து நொடிகூட நிற்காத மருந்து என்பதால் வேகம்தான் முக்கியம். நோயாளிக்கு நெஞ்சை அமுக்கி, உயிர் போகிறாற்போல் இருக்கும். 'அஞ்சாறு நொடி மோசமா இருக்கும், நான் பக்கத்துலயே இருக்கேன்' என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். ஆஸ்துமாக்காரரா, டெரிஃபிலின் சாப்பிடுகிறவரா என்று கேளுங்கள். அதைச் சாப்பிட்டிருந்தால் அடினோசின் வேலை செய்யாது, ஆஸ்துமாவுக்கோ ஆகவே ஆகாது. ஒழுங்கில்லாத, அகலமான, அதிவேகத் துடிப்பில் அடினோசினைத் தொடாதீர்கள்.

மருந்து போகும்போது ஈசிஜி காகிதம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் ஊசிக்கு, ஒருவர் மெஷினுக்கு. துடிப்பு முறியும் அந்த இரண்டு நொடியில்தான் கோளாறு எங்கிருந்து வந்தது என்பது தெரியும். எத்தனை இடங்களில் எல்லாரும் நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெஷினை மறந்து நிற்கிறார்கள்!

12. 'வலிப்பு' என்று எழுதியிருக்கும் பழைய சீட்டை நம்பி மயக்கத்தைக் கடந்துபோகாதீர்கள். வெளுத்துச் சாய்ந்து, சில நொடியில் முகம் சிவந்து எழுந்தால், துடிப்பு நின்று வந்திருக்கலாம். மூளைக்கு ரத்தம் நின்றாலும் கைகால் வெட்டும். விழுந்து கிடக்கும்போது நாடி எவ்வளவு என்று பார்த்தவர் யாராவது இருந்தால் அதுவே பாதி நோயறிதல். மேலறையின் மின்துடிப்பு கீழே இறங்காத முழுத் தடையில் நாடி 30, 35 என்று இறங்கும். அதற்கு மாத்திரையில் வழியில்லை, பேஸ்மேக்கர்தான்.

முதன்முதலாக 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. வேறொன்று வைத்தார்கள்; பிறகு மாற்றி மாற்றி மொத்தம் 26. அவர் 2001ல் 86 வயதில் இறந்தார், அதுவும் இதயத்தால் இல்லை. 'மெஷின் வெச்சா எத்தனை நாள் இருப்பாங்க' என்று கேட்கும் மகன்களிடம் லார்சன் கதையைச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி பேச்சைவிட அது நன்றாக இறங்கும்.

13. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு: போனை எதிர்க்காதில் வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். வெல்டிங் பட்டறையில் நிற்க வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பில் குனிந்து சமைக்க வேண்டாம். மிக்ஸி, டிவி, கிரைண்டருக்குப் பயமில்லை. அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும். குடும்பத்தாரில் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இறந்தபின் எரிப்பதானால் கருவியை எடுத்துவிட வேண்டும், பேட்டரி வெடிக்கும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லாதீர்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது மெல்லச் சொல்லலாம்.

14. படபடப்பு வந்தால் 'கேஸ்' என்று கடையில் மாத்திரை வாங்குவது நம் ஊர் வழக்கம். அந்த மாத்திரைகள் பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்சாரத்தைத் திரட்டிக்கொள்ளும் நேரத்தை அது நீட்டக்கூடியது. கூடவே அஸித்ரோமைசினோ பூஞ்சைக்கான மாத்திரையோ சேர்ந்தால், பொட்டாசியமும் குறைந்திருந்தால், ஆபத்தான துடிப்பு கிளம்பும். ஐரோப்பாவில் 2014லேயே இதன் அளவையும் நாட்களையும் கட்டுப்படுத்திவிட்டார்கள். மருந்துப் பெட்டியை அப்படியே பையோடு கொண்டுவரச் சொல்லி நீங்களே பாருங்கள்.

15. கள்ளும் வெயிலும். சித்தூர்த் தாலுகாவின் தென்னங்கள் கேரளம் முழுக்கப் போகிறது. இங்கே குடிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஓணத்துக்கும் வேலத் திருவிழாவுக்கும் மொத்தமாகக் குடித்துவிட்டு மறுநாள் காலை ஏ.எஃப்.போடு வருகிற நடுவயதுக்காரரை ஒவ்வொரு வருஷமும் பார்ப்பீர்கள். விடுமுறைக் குடிக்குப் பின் வரும் இந்தக் கோளாறை 1978லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே அடங்கும். குடி தொடர்ந்தால் திரும்ப வரும். 2025ல் எலப்புள்ளியில் மது ஆலை வரப்போவதாகப் பேச்சு எழுந்தபோது ஊர் தண்ணீர்க் கணக்குக் கேட்டது. எனக்கு இந்தக் கணக்கும் உண்டு.

வெயில்: 2024 ஏப்ரலில் பாலக்காடு 41 டிகிரியைத் தாண்டியது. இதயம் வீங்கியவர்கள், தண்ணி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வியர்வையிலும் சிறுநீரிலும் பொட்டாசியத்தை இழக்கிறார்கள். காலில் தசைப்பிடிப்பு, தலைசுற்றல் என்று வந்தால் எலக்ட்ரோலைட் பார்க்காமல் அனுப்பாதீர்கள். மறுபக்கம், சிறுநீரகம் கெட்டவர் இளநீராகக் குடித்துப் பொட்டாசியம் ஏறி வருவார். அதுவும் துடிப்பை நிறுத்தும்.

16. அரளி. 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்றன. அரளி, மஞ்சள் அரளி, ஒதளங்காய் மூன்றிலும் டிகாக்சின் குடும்பத்து நஞ்சு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் மற்ற பக்கங்களிலும் மஞ்சள் அரளி நஞ்சு பெருந்துயரமாக இருந்தது. தெரியாமல் தின்ற குழந்தையானாலும், மனம் வெறுத்து வந்தவரானாலும், பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஈசிஜி, பொட்டாசியம், தொடர்ந்து மானிட்டர். துடிப்புத் தடை மணிக்கணக்கு கழித்தும் வரும். மனம் வெறுத்து வந்தவரிடம் காரணம் கேட்டு அதட்டாதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள்.

17. நாடியே இல்லாவிட்டால் ஈசிஜி தேடாதீர்கள். கூப்பிட்டுப் பார்த்து அசைவில்லை, சரியான மூச்சில்லை என்றால் 108க்கு ஒருவரைச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் அமுக்க ஆரம்பியுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல். 2021 ஜூனில் டென்மார்க் கால்பந்து ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்ததை நம் ஊர்ப் பையன்கள் டிவியில் பார்த்தார்கள். அங்கேயே மார்பை அமுக்கி, அங்கேயே ஷாக் கொடுத்ததால் பிழைத்தார்; உடம்புக்குள் ஷாக் கருவி வைத்துக்கொண்டு திரும்பவும் ஆடினார். செவன்ஸ் பந்தயம் நடத்தும் கிளப்புக்காரர்களைப் பிடித்து அமுக்கச் சொல்லிக்கொடுங்கள்; ஆம்புலன்ஸ் வரும்வரை கைதான் இதயம்.

18. வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய வாட்ச்சோடு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 2017ல் தொடங்கி அமெரிக்காவில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் ஆப்பிள் வாட்ச்சை வைத்துப் பார்த்தார்கள். எச்சரிக்கை வந்தவர்கள் சுமார் அரை சதவீதம். அவர்களில் பிறகு பட்டை ஒட்டிச் சோதித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏ.எஃப். இருந்தது. எச்சரிக்கை வந்ததாலேயே மாத்திரை ஆரம்பிக்க முடியாது, வரவில்லை என்பதால் நிம்மதியும் கிடையாது. ஆனால் படபடப்பு இருக்கும்போது விரலை வைத்து எடுத்த ஒரு லீடுக் கோடு வாட்ச்சில் இருந்தால், அதைப் படமாக டாக்டருக்கு அனுப்புங்கள். எத்தனையோ பேருக்குக் கிடைக்காத சாட்சி அது.

19. ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் படபடப்புக்கு முதலில் இவற்றைப் பாருங்கள்.

20. அப்லேஷனோ பேஸ்மேக்கரோ என்று டாக்டர் சொன்னதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது காசு. தமிழ் பேசினாலும் ரேஷன் கார்டு கேரளத்தது. தமிழ்நாட்டு முதல்வர் காப்பீடு இவர்களுக்குக் கிடையாது. இங்கே காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தின் அட்டை இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எல்லை தாண்டிக் கோயமுத்தூரில் சேர்வதானால் அந்த ஆஸ்பத்திரி அந்த அட்டையை எடுக்குமா, எழுதித் தந்த சிகிச்சை அவர்கள் பேக்கேஜில் இருக்கிறதா, கருவியின் விலை அதற்குள் அடங்குமா என்ற மூன்றையும் கிளம்பும் முன்பே போனில் கேட்டு, பதில் சொன்னவர் பெயரோடு குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.